வெட்டுப்புள்ளி வரும் வரை: திருகோணமலை ஏ.எல். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

பெறுபேறு வந்த அன்றே வீட்டுக்கு வீடு கேட்கப்படும் கேள்வி, "கம்பஸ் கிடைக்குமோ?" என்பதுதான். அன்றைக்கு அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரி, வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) வெளியிட்டு, பதிவு முடிந்து, முதல் விரிவுரை தொடங்க ஒரு வருடம் போல ஆகிவிடும். சில வருடங்களில் அதற்கும் மேல். 2025 நவம்பரில் தொடங்கிய பரீட்சை புயலாலும் வெள்ளத்தாலும் நடுவில் நின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. இப்படி இழுபடுகிற காலத்துக்குள்தான் கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, உயர் தேசிய டிப்ளோமா, தொழிற்பயிற்சி என்று மற்ற விண்ணப்பங்கள் வந்து முடிகின்றன. "வெட்டுப்புள்ளி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்தவருக்கு, வெட்டுப்புள்ளி வந்த பிறகு பார்க்க அதிகம் மிஞ்சியிருக்காது.

இந்தக் கட்டுரை அந்த இடைக்காலத்தைப் பற்றியது. எந்தத் துறை நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை. எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, எங்கே வழக்கமாகப் பிழைக்கிறது என்பதுதான் விஷயம்.

இசட் புள்ளி

பெறுபேற்றுத் தாளில் பாடப் புள்ளி இருக்காது. தரம், இசட் புள்ளி, மாவட்ட நிலை, நாடளாவிய நிலை, இவ்வளவுதான். 2001 முதல் பல்கலைக்கழகத் தெரிவு இந்த இசட் புள்ளியில்தான் நடக்கிறது. கணக்கு எளிது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து, கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட்.

ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15 என்று வையுங்கள். 60 எடுத்தவருக்கு இசட் 1. இன்னொரு பாடத்தில் சராசரி 60, நியம விலகல் 10. அதில் 65 எடுத்தவருக்கு 0.5. அதாவது இந்த 60, அந்த 65இன் இரு மடங்கு பெறுமதி. "அவள் மூன்று ஏ எடுத்தும் இவன் இரண்டு ஏ, ஒரு பியோடு மேலே போய்விட்டான்" என்ற வியப்புக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தரத்தை வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் ஒரு பயனும் இல்லை.

இசட் எவ்வளவு உயர்ந்தாலும், விண்ணப்பிக்கவே இரண்டு குறைந்தபட்சத் தகுதி வேண்டும். மூன்று பாடமும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ். ஏ.எல்லோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இந்த இரண்டாவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. ரியூசனும் இல்லை, பயமும் இல்லை. இசட் இருந்தும் 28 புள்ளியில் தட்டுப்பட்டுப் போவது அதனால்தான் நடக்கிறது. இன்னொரு தடவை எடுக்க இருப்பவர் பழைய வினாத்தாள் குறைந்தது ஐந்தையாவது செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

திருகோணமலைக்கு எத்தனை இடம்?

மாவட்டக் கோட்டா பற்றி ஊரில் ஓடும் கதைகள் அரைகுறை. விதி இதுதான்: ஒரு கற்கைநெறியின் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை வரிசையில் போகும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் மக்கள்தொகை விகிதப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அதில் ஒன்று.

நாடு முழுவதுக்கும் 1000 இடம் உள்ள ஒரு நெறியை எடுங்கள். 400 திறமைக்கு. 550இல் நம் மாவட்டத்தின் பங்கு, நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 2 வீதம் என்பதால், 10 அல்லது 11. அந்த 50இல் இருந்து இன்னும் இரண்டு போல. ஆக 12, 13 பேர். நிலாவெளி வீதி, கிண்ணியா, மூதூர், கந்தளாய், தம்பலகாமம், குச்சவெளி, வெருகல் என்று மாவட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

இந்தச் சின்ன எண்ணிக்கையில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது. வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி. கொழும்பில் ஒரு நெறிக்கு நூறு பேர் போகும்போது கடைசி ஆளின் புள்ளி வருடத்துக்கு வருடம் மெதுவாகத்தான் அசையும். 12 பேர் போகும் இடத்தில் இரண்டு பேர் வேறு நெறியை முதலில் போட்டாலே வெட்டுப்புள்ளி துள்ளிவிடும். நாடு முழுவதுக்கும் 100 இடமே உள்ள நெறிகளில் நமக்கு மாவட்டப் பங்கு ஒன்றோ இரண்டோதான். அங்கே "போன வருட வெட்டுப்புள்ளி" என்பது ஒரே ஒரு பிள்ளையின் இசட். அதை நம்பி ஒரு நெறியை வெட்டுவதும் சேர்ப்பதும் பிழை.

இரண்டு விதிவிலக்கைத் தெரிந்து வைத்திருங்கள். கலைப் பிரிவுப் பாடங்களுக்கு மட்டுமே உரிய நெறிகள் நாடளாவிய திறமை வரிசையில் நிரப்பப்படுகின்றன. அங்கே மாவட்டச் சலுகை கிடையாது. ஆர்ட்ஸ் பிள்ளைகள் பலர் இதை அறியாமல் "எங்களுக்குக் குறைந்த புள்ளி போதும்" என்று இருந்துவிடுகிறார்கள். மற்றது, மாவட்டம் என்பது அடையாள அட்டையில் உள்ள ஊர் அல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதே முதலில் பார்க்கப்படும். ஏ.எல்லுக்காக யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுகிற பிள்ளை, நல்ல ஆசிரியரோடு கூடவே அந்த மாவட்டத்தின் உயர்ந்த வெட்டுப்புள்ளியையும் வாங்கிக்கொள்ளக்கூடும். அனுப்ப முன்னர் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தப் பகுதியை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

விருப்ப ஒழுங்கு

கைநூலில் ஒவ்வொரு நெறிக்கும் மூன்று இலக்கமும் பல்கலைக்கழகத்துக்கு ஓர் எழுத்தும் சேர்ந்த குறியீடு இருக்கும். அவற்றை நீங்கள் விரும்பும் ஒழுங்கில் அடுக்க வேண்டும். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். உங்கள் இசட் போதுமான முதல் இடத்தில் நிற்கும். அதற்குக் கீழே இருப்பதை அது பார்க்காது. ஆகவே "கிடைக்கக்கூடியதை" மேலே போட்டு, "ஆசையை" கீழே போடுவது ஆசையை நீங்களே அழிப்பதுதான். மேலே போட்டுக் கிடைக்காவிட்டால் நட்டம் இல்லை. கீழே உள்ளதற்கான வாய்ப்பு அதனால் குறையாது. இந்த ஒன்றை விளங்கப்படுத்தத்தான் ஒவ்வொரு வருடமும் அதிக நேரம் போகிறது. ஏனோ ஊர் வழக்கு நேர் எதிராகவே இருக்கிறது.

அதேபோல பட்டியலைக் குறுக்க வேண்டாம். நாலு குறியீடு போட்டு நிறுத்திவிட்டு, நாலும் தவறிய பிறகு, "என்னைவிடக் குறைந்த இசட் எடுத்தவன் வவுனியாப் பல்கலைக்கழகம் போகிறான்" என்றால், அவன் ஐந்தாவதாக அதைப் போட்டான் என்பதே காரணம். கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை மட்டும் விடுங்கள். மற்ற எல்லாவற்றையும் போடுங்கள்.

எதற்குப் போகமாட்டீர்கள் என்பதை வீட்டாரோடு இப்போதே பேசி முடிவெடுங்கள். மட்டக்களப்பு, வந்தாறுமூலை என்றால் ஏ15 வீதியால் ஒரு காலைப் பயணம். 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் திறக்கும் வரை துறைகளில் காத்துக் கடந்த பாதை அது. இன்று மூதூர்ப் பிள்ளைக்கு மட்டக்களப்பு தூரமில்லை. யாழ்ப்பாணம், ஒலுவில், பேராதனை, கொழும்பு எல்லாம் விடுதி அல்லது அறை. மகாபொலப் புலமைப்பரிசிலோ நிதியுதவியோ கிடைத்தாலும் அறை வாடகை, சாப்பாடு, பயணம் மூன்றையும் அது தாங்காது. மிச்சத்தை யார் கொடுப்பது என்பதை மாதக் கணக்காக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப ஏலாது" என்ற வாக்கியம் பட்டியல் போடும்போது வந்தால் அதைப் பற்றிப் பேசலாம், வாதாடலாம். பதிவுக் கடிதம் வந்த பிறகு வந்தால் ஓர் இடம் வீணாகும். பதிவுசெய்துவிட்டு விலகினால் அடுத்த வருடம் புதிய பெறுபேற்றோடு வந்தாலும் சிக்கல். ஒரு தடவை பதிவானவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பதே பொது விதி.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் ஆராய்ந்து பார்த்தே போடுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய மூன்று பிரிவு உண்டு. கணினி விஞ்ஞானம், பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும் மெட்ஸ் பிள்ளைகளுக்குப் பொருந்தும். சித்த மருத்துவம் பயோவுக்கு. 5 வருடப் படிப்பும் அதன்பின் 1 வருடக் கட்டுறுப் பயிற்சியும். மருத்துவம் தவறியதற்கு ஆறுதல் பரிசாக அதை எடுத்தவர் இரண்டாம் வருடத்தில் களைத்துப்போவார். மூலிகையும் நாடியும் பழந்தமிழ்ச் செய்யுளில் உள்ள நோய்க் குறிப்பும் வாசிக்க விருப்பம் உள்ளவருக்கு அது முழுமையான தொழில். நெறியின் பெயரை மட்டும் பார்க்காமல், முதல் வருடப் பாடங்களைப் படிக்கும் யாராவது ஒருவரிடம் கேளுங்கள். வளாகம் நிலாவெளி வீதியில்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் போய்வந்தால் போதும்.

இரண்டாவது விண்ணப்பம் தேவைப்படும் நெறிகள்

சில நெறிகளுக்கு ஆணைக்குழுவின் விண்ணப்பம் மட்டும் போதாது. கட்டடக்கலை, வடிவமைப்பு, உடற்கல்வி, இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை போன்றவற்றுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியே விளம்பரம் செய்து உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ வைக்கும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் நம் பிள்ளைகள் அதிகம் போகும் இடம். அங்கேயும் இதே முறைதான். தனி விண்ணப்பம் போடாமல் குறியீட்டை மட்டும் போட்டவர், பாட்டில் ஏ எடுத்திருந்தாலும் பட்டியலில் வரமாட்டார். எந்த நெறிக்கு இந்தப் பரீட்சை என்பதைக் கைநூலே சொல்லும். அந்த விளம்பரங்களின் முடிவுத் திகதி பொதுவிண்ணப்பத்தின் முடிவுத் திகதியோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை.

பெயர், இலக்கம், மின்னஞ்சல்

படிவம் நிரப்புவதில் நடக்கும் மிகப் பெரிய பிழை மிகச் சின்ன விஷயத்தில் நடக்கும். தமிழ்ப் பெயர்கள் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்: பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி, பரீட்சைப் பெறுபேற்றில் முதலெழுத்துகள் இடம் மாறி வேறொரு மாதிரி. தகப்பன் பெயர் முன்னால் வருவதும் பின்னால் போவதும் பெரும் குழப்பம். பெறுபேறு வந்த கிழமையிலேயே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அடையாள அட்டைத் திருத்தத்துக்கு கிராம சேவகரும் பிரதேச செயலகமும் வேண்டும், மாதங்கள் எடுக்கும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி ஓரளவுக்குக் கைகொடுக்கும். வெளிநாட்டு விசா என்று வரும்போது அது போதாமல் போகலாம்.

பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே தடவையில் நாலைந்து பிரதியாக எடுத்து வையுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், நற்சான்று, ஓ.எல். பெறுபேறு, வதிவிடச் சான்று, மகாபொலவுக்கு வருமானச் சான்று ஆகிய ஐந்தும் எப்படியும் தேவைப்படும்.

விண்ணப்பம் இணையத்தில். பலர் கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்புவிக்கிறார்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையோ தன் இலக்கத்தையோ போட்டுவிடுவார். மூன்று மாதம் கழித்து வரும் அறிவித்தல் அவருக்குப் போகும். அதற்குள் அவர் இருநூறு பேருக்கு நிரப்பியிருப்பார், உங்கள் முகம் நினைவிருக்காது. மின்னஞ்சல் உங்களுடையது, கடவுச்சொல் உங்கள் கொப்பியில், இலக்கம் நீங்கள் மாற்றாத சிம். கடையில் நிரப்பினாலும் சமர்ப்பிக்க முன் குறியீட்டு ஒழுங்கை நீங்களே திரையில் வாசியுங்கள். இரண்டு இலக்கம் இடம் மாறினால் நெறியே மாறிவிடும்.

மறுபடி எடுப்பதா?

மூன்று தடவை எடுக்கலாம். அதனால் "செக்கன்ட் ஷை" என்பது நம் ஊரில் ஒரு முடிவாக இல்லாமல் வழக்கமாகவே ஆகிவிட்டது. கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

உங்கள் இசட்டுக்கும் நீங்கள் விரும்பும் நெறியின் வெட்டுப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். நியம விலகல் 15 புள்ளி போல என்று வைத்தால், 0.1 இடைவெளி என்பது பாடத்துக்கு ஒன்றரைப் புள்ளி. ஒரு பல்தேர்வு வினா, ஒரு கட்டுரையின் கடைசிப் பகுதி. 0.8 இடைவெளி என்றால் பாடத்துக்கு 12 புள்ளி, மூன்றிலும். முதலாவது இன்னொரு வருடத்துக்குத் தகும். இரண்டாவதுக்கு, போன தடவை படித்த அதே முறை, அதே ரியூட்டரி, அதே குறிப்பு என்றால் விடையும் பெரும்பாலும் அதேதான். எது மாறப்போகிறது என்று ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் எடுக்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு பாடத்தில் மட்டும் தவறியவரும் மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். பழைய சித்தியைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. அதேபோல இந்த வருட இசட் இந்த வருட அனுமதிக்கு மட்டுமே. ஆகவே மறுபடி எடுக்க நினைத்தாலும் இந்த வருட விண்ணப்பத்தைக் கட்டாயம் போடுங்கள். ஏதாவது கிடைத்தால் ஏற்பதா விடுவதா என்பதைப் பதிவு நேரத்தில் முடிவெடுக்கலாம். போடாமல் விட்டால் முடிவெடுக்கவே ஒன்றும் இருக்காது.

எதிர்பாராமல் ஒரு பாடம் மட்டும் விழுந்திருந்தால் மீள்பரிசீலனைக்கும் விண்ணப்பியுங்கள். மூன்றும் விழுந்தவர் அதில் காசு போடத் தேவையில்லை.

மற்றக் கதவுகள்

கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும். 2 வருடம் விடுதியில், 1 வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயில்வு. முடிவில் ஆசிரியர் சேவை. நமக்கு அண்மையில் மட்டக்களப்பு தாழங்குடா, அட்டாளைச்சேனை, வவுனியா. எந்தப் பாடத்துக்கு எந்த ஏ.எல். பாடம் வேண்டும், ஓ.எல்லில் எதில் சி வேண்டும் என்பது அறிவித்தலின் அட்டவணையில் இருக்கும். இங்கே தட்டுப்படுவது பெரும்பாலும் ஓ.எல். தமிழோ கணிதமோ எஸ்ஸாக இருப்பதால்தான். நேர்முகத்துக்குப் போக முன் அதைப் பாருங்கள்.

தாதியர் பயிற்சி 3 வருடம், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். சுகாதார அமைச்சு கோரும் நேரம் வருடத்துக்கு வருடம் மாறும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதி இருக்கும். வெள்ளி இரவு பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினால், முகநூலில் யாரோ முடிவுத் திகதிக்கு முதல் நாள் பகிரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உயர் தேசிய டிப்ளோமாவைத் திருகோணமலையிலேயே படிக்கலாம். உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இங்கே உண்டு. கணக்கியல் 4 வருடம், தகவல் தொழில்நுட்பம் இரண்டரை வருடம். இசட் கொஞ்சம் குறைந்த கொமர்ஸ் பிள்ளை, தூரத்தில் விருப்பமில்லாத ஒரு பட்டத்துக்குப் போவதை விட, வீட்டில் இருந்து இதையும் பக்கத்தில் கணக்கியல் தொழினுட்பவியலாளர் சங்கத்தின் பரீட்சைகளையும் எழுதுவது பல வேளை புத்திசாலித்தனம். அந்தப் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம், வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கலாம்.

தொழிற்பயிற்சி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஊரை ஒரு தடவை சுற்றிக் காட்ட வேண்டும். சீனன்குடாவில் மா ஆலை, எண்ணெய்க் குதங்கள், சீமெந்து ஆலை, துறைமுகம், கொட்பே மீன்பிடித் துறைமுகம், புல்மோட்டை கனிய மணல். இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது வெல்டர், மின்னியலாளர், பிற்றர், குளிரூட்டி மெக்கானிக், ஆய்வுகூட உதவியாளர். 2017இல் கிழக்கு மாகாணத்தில் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்திருந்ததையும் இதோடு சேர்த்து நினையுங்கள். பட்டம் வேண்டாம் என்பதல்ல பொருள். பாடமும் மொழியும் கைத்திறனும் பார்க்காமல் பட்டத்தை மட்டும் எண்ணியதன் விளைவு அது.

தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ, 7 மட்டம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபை, பயிலுனர் பயிற்சி தரும் நைட்டா, இளைஞர் சேவைகள் மன்றம் எல்லாம் இந்த ஏணியின் கீழ்ப்படிகளைத் தருகின்றன. சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் திருகோணமலையில் உண்டு. படகு இயந்திரம், கடற்றொழில் சார்ந்தவற்றுக்கு அது. 5, 6 மட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. 7க்கு இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம்.

தனியார் நிலையத்தில் சேர்வதானால் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவா? நீங்கள் சேரும் குறிப்பிட்ட நெறி தரச்சான்று பெற்றதா? இவை இரண்டும் வேறு வேறு. பதிவு இலக்கத்தைப் பெரிதாகச் சுவரில் மாட்டியிருப்பார்கள்; நெறி தரச்சான்று பெறாததாக இருந்தால், முடிவில் கையில் வருவது நிலையத்தின் சொந்தச் சான்றிதழ், என்விகியூ அல்ல. வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தகப்பனோடு கடலுக்குப் போய் இயந்திரம் திருத்தப் பழகியவர், மேசனோடு நாலு வருடம் நின்றவர் வகுப்புக்கே போகாமலும் சான்றிதழ் எடுக்கலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்பது அந்த வழி. செய்த வேலைகளின் படம், தேதி, வேலை தந்தவரின் கடிதம் என்று ஒரு கோப்பு சேர்த்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். படங்களை இன்றிலிருந்தே எடுத்து வையுங்கள்.

ஹோட்டல் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. உப்புவெளி, நிலாவெளிப் பருவம் சித்திரை, வைகாசி முதல் புரட்டாதி வரை. வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் அறைகள் வெறுமை, சம்பளமும் குறையும். தெற்குக் கரையில் பருவம் நேர் எதிர். சமையல் தெரிந்தவர்கள் கார்த்திகையில் அங்கே போய், திரும்பவும் சித்திரையில் இங்கே வருகிறார்கள். சமையற்கட்டுப் பக்கம் பயின்றால் இப்படி நகரலாம். பரிமாறும் பக்கம் மட்டும் என்றால் கடினம்.

காசு கட்டிப் படிக்கும் பட்டம்

தனியார் பட்டத்துக்கு, பட்டம் தருவது யார் என்பது முதல் கேள்வி. உள்நாட்டு நிறுவனமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமானால் மானியங்கள் ஆணைக்குழு அதை அங்கீகரிக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள், தரகரிடம் அல்ல. "முதல் வருடம் இங்கே, பிறகு அங்கே" என்ற விளம்பரங்களில் "அங்கே"யின் கட்டணம் முதல் பக்கத்தில் இருக்காது. அரசின் வட்டியில்லா மாணவர் கடன் சில தனியார் நிறுவனங்களுக்கும் சில நெறிகளுக்கும் கிடைக்கும். வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான், பிணையாளியும் வேண்டும்.

திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டம் இரண்டும் வேலை செய்துகொண்டு படிப்பவருக்கு. வீட்டில் தனியே உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர் 3 வருடப் படிப்பை 6 வருடம் இழுப்பார்.

வெளிநாட்டு வேலை பற்றிச் சுருக்கமாக: முகவரின் உரிம இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள், 1989க்கு அழைத்தும் கேட்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.

காத்திருக்கும் மாதங்கள்

ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். பெரும்பாலான விஞ்ஞான, முகாமைத்துவப் பட்டங்கள் ஆங்கிலத்தில். தமிழில் மூன்று ஏ எடுத்த பிள்ளை முதல் அரையாண்டில் தடுமாறுவது பாடத்தால் அல்ல. பேச்சு வகுப்பை விட, உங்கள் ஏ.எல். பாடத்தின் முதல் அலகை ஆங்கிலப் பாடநூலில் வாசிப்பது பயன் தரும். விஷயம் தெரிந்திருப்பதால் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சிங்களத்தை யாரும் சொல்வதில்லை. மூன்று மொழியும் தெருவில் கேட்கும் மாவட்டம் இது. துறைமுகம், வங்கி, வைத்தியசாலை, ஹோட்டல் எதில் சேர்ந்தாலும் வாசிக்கவும் எழுதவும் கூடிய சிங்களம் முதல் நாளே வேண்டும். அரச சேவையில் சேர்ந்தால் இரண்டாம் மொழித் தேர்ச்சி எப்படியும் கட்டாயம். ஆறு மாதம் அதற்குத் தாராளம். 18 வயதானவர் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இப்போதே எடுத்துவிடலாம்.

வெட்டுப்புள்ளி வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். தெரிவானவர் குறித்த நாட்களுக்குள் பதியாவிட்டால் இடம் போய்விடும், நினைவூட்டிக் கடிதம் வராது. ஒரு புள்ளியில் தவறியவருக்கோ, பதியாமல் விடப்பட்ட இடங்களை நிரப்பும் சுற்று பிறகு வரும். அந்த அழைப்பு விண்ணப்பத்தில் கொடுத்த இலக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும்தான் வரும். அதற்குள் சிம்மை மாற்றியவரை யாரும் தேடிப்பிடிக்க மாட்டார்கள்.